7. காதால் வாங்கும் கார்

கார் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் மைலேஜைக் கேட்பார்கள். இந்த நூலைக் கையில் எடுத்திருப்பவர் இன்னொன்றையும் கேட்பார்: இந்த வண்டிக்குள் பாட்டு எப்படிக் கேட்கும்? ஷோரூமில் இதற்கு நேரான பதில் கிடைப்பது அபூர்வம். எத்தனை ஸ்பீக்கர், எந்தக் கம்பெனி, எத்தனை வாட்ஸ் என்று மட்டும் சொல்வார்கள். மூன்றையும் கேட்டுக்கொண்ட பிறகும் நம் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

காவிரி டெல்டாவில் வாழும் ரசிகருக்குக் கார் இன்னொரு கூடம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஓர் ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று போய்த் திரும்பினால் ஒரு முழுக் கச்சேரியே கேட்டுவிடலாம். வீட்டில் குறுக்கீடு இல்லாமல் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைக்காத பலருக்கு அந்த நேரத்தைத் தருவது சாலைதான். ஆகவே இந்த அத்தியாயத்தை ஆடம்பரக் கணக்கில் சேர்த்து ஒதுக்கிவிட வேண்டாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தை முதலில் வண்டியின் இரைச்சலைக் குறைப்பதில் போடுங்கள். மிச்சம் இருந்தால் முன்கதவுகளின் இரண்டு ஸ்பீக்கரில் போடுங்கள். மற்றவை அதற்குப் பிறகு.

கனவில் ஓடும் வண்டிகள்

காரில் இசை என்ற ஆசைக்கு வயது நூறை நெருங்குகிறது. 1930-இல் அமெரிக்காவில் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்பனைக்கு வந்தது. 1955-இல் கிரைஸ்லர் கம்பெனி காருக்குள் இசைத்தட்டுக் கருவியையே பொருத்திப் பார்த்தது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று மட்டும் சுற்றும் தனித் தட்டுகளை அதற்கென்றே செய்தார்கள். மேடுபள்ளத்தில் ஊசி என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் கிராமச் சாலைகளில் போகிறவருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1983-இல் போஸ் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் போன்ற வண்டிகளுக்கென்று, அந்த வண்டியின் உட்புறத்தை அளந்து ஒலி அமைப்பைச் செய்துகொடுத்தது. இன்று டாப் மாடல்களின் கதவில் கம்பெனிப் பெயர் பொறித்த ஸ்பீக்கர் மூடியைப் பார்க்கிறோமே, அந்த வழக்கம் வேரூன்றியது அங்கிருந்துதான். அதே 1983-இன் டிசம்பரில் நம் நாட்டில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பிறகு, வீட்டில் வைக்கும் உயர்தர ஒலிக்கருவிகளுக்குப் பெயர்போன நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் காருக்குள் நுழைந்தன. லெக்சஸில் மார்க் லெவின்சன், பென்ட்லியில் நெய்ம், ஆஸ்டன் மார்ட்டினில் லின், போர்ஷேயில் பர்மெஸ்டர், ரேஞ்ச் ரோவரில் மெரிடியன், வால்வோவில் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ். வீட்டில் நெய்ம் வாங்க வழியில்லாத ரசிகர் நெய்ம் உள்ள பென்ட்லியைக் கனவு காண்பதில் தவறே இல்லை. கனவு காணும்போது அதில் எது நமக்குப் பயன்படும் என்றும் பார்க்க வேண்டும்.

வால்வோவின் பெரிய வண்டிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து இசை அரங்கில் ஒலி எப்படிப் பட்டுத் திரும்புகிறதோ, அதைப் பொத்தானை அழுத்தியதும் காருக்குள் கொண்டுவரப் பார்க்கும். தஞ்சாவூர் அரண்மனையில் நாயக்கர் காலத்துச் சங்கீத மகாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிக் கேட்டிருப்பவருக்கு இந்த ஆசையின் நியாயம் உடனே விளங்கும். ஓர் இடத்தின் ஒலியும் இசையின் பகுதிதான். ஆனால் வீணைத் தனியைக் கேட்கும்போது நான் அந்தப் பொத்தானை அணைத்துவிடுவேன். வீணைக்கு அத்தனை பெரிய அரங்கம் வேண்டாம்.

இந்தக் கனவுக் கார்களின் புகழில் பாதி கண்ணாடிக்கும் கதவுக்கும் சேர வேண்டியது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய ஏடு வைத்து ஒட்டிய ஜன்னல், இரட்டை ரப்பர் பீடிங், கனத்த கதவுத் தகடு, அமைதியான டயர். இவற்றால் உள்ளே இரைச்சல் குறைகிறது. இரைச்சல் குறைந்தால் சிறிய ஸ்பீக்கரும் தம்புராவை முழுசாகச் சொல்லும். நம்மால் பென்ட்லி வாங்க முடியாது. பீடிங்கும் டயரும் நம் கைக்கு எட்டும்.

சாலையில் ஓடும் வண்டிகள்

டெல்டாவின் மிராசுதார் வீடுகளிலும் வித்வான்கள் வீடுகளிலும் வெகுகாலம் நின்றது அம்பாசடர். மிருதங்கமும் கடமும் டிக்கியில் போகும். தம்புரா பின் சீட்டில் ஆட்களின் மடிமேல் படுத்து வரும். மெத்தென்ற சஸ்பென்ஷன், அகலமான சீட்டு, தலைக்கு மேல் நல்ல இடம். ஒலிக்கு வேண்டிய காற்றுவெளி அதில் தாராளம். கதவிடுக்கில் காற்று பாடும், இஞ்சின் முனகும், கியர்பெட்டி கூடச் சேரும் என்பதும் உண்மை. 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் இன்னும் அதைப் பேணி வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் வேண்டுகோள்: பழைய ரேடியோவை டேஷ்போர்டிலிருந்து பிடுங்காதீர்கள், கதவுத் தகட்டை வெட்டாதீர்கள். புது செட்டைக் குளோவ் பாக்ஸுக்குள் வைத்து, ஸ்பீக்கரை முன்சீட்டுக் கால்மாட்டில் தனிப் பெட்டியாகச் செய்து வைக்கலாம். பிரீமியர் பத்மினிக்கும் இதே யோசனைதான். கன்டெஸா வைத்திருப்பவர் பாக்கியசாலி. அந்த நீண்ட டிக்கியில் பெரிய சப்வூஃபர் பெட்டி உட்காருவதால்தான் கார் ஆடியோப் பித்துள்ளவர்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள்.

வீட்டில் லட்சக்கணக்கில் ஸ்பீக்கர் வைத்திருக்கும் ரசிகர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் ஓட்டுவது வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ20, பழைய ஹோண்டா சிட்டி. பணம் வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. இந்த அத்தியாயத்தை முக்கியமாக அவர்களை நினைத்தே எழுதுகிறேன். கச்சேரிக்குப் போகும் கோஷ்டிகளுக்கு இன்னோவா வந்த நாள் முதல் அதுதான் வண்டி. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வித்வான் உட்காருவது நடுவரிசையில். கடைக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தால், கேட்கிற ஆளுக்கு அது உதவாது. இன்னோவாவில் செட் போடுகிறவர் நடுசீட்டில் உட்கார்ந்துதான் ஒலியைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

புதிதாக வாங்குவோருக்குக் கம்பெனியே பொருத்தித் தரும் பெயர்பெற்ற செட்டுகள் இப்போது நிறைய. கிரெட்டா, செல்டோஸ் டாப் மாடல்களில் போஸ். ஹாரியர், சஃபாரியில் ஜேபிஎல். எக்ஸ்யூவி 700-இல் சோனி வந்தது. தார் ராக்ஸில் ஹார்மன் கார்டன். சூப்பர்பின் உயர் மாடலில் ஜெர்மனியின் கேன்டன். ஜேபிஎல், ஹார்மன் கார்டன், இன்ஃபினிட்டி, மார்க் லெவின்சன் ஆகிய நான்கும் ஹார்மன் என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 2017 முதல் அந்தக் குடும்பமே சாம்சங்குக்குச் சொந்தம். பெயரை வைத்துத் தீர்மானிக்காமல் உட்கார்ந்து கேட்டுத் தீர்மானிப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் நடு மாடலை வாங்குங்கள். டாப் மாடலுக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியைக் கதவு வேலைக்கும் இரண்டு நல்ல ஸ்பீக்கருக்கும் செலவிட்டால் பல வண்டிகளில் கம்பெனி செட்டையே மிஞ்சிவிடலாம். டாப் மாடலோடு சன்ரூஃபும் வரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்து விளம்ப காலம் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

நாம் கேட்பது என்ன?

ஆடியோப் புத்தகங்கள் மேல்நாட்டு இசையை வைத்து எழுதப்பட்டவை. நம் சேமிப்பைப் பாருங்கள். பழைய 78 சுற்றுத் தட்டுகள், வானொலி ஒலிபரப்பு, சபாக்களில் எடுத்த டேப், கேசட்டிலிருந்து மாற்றியவை. இவற்றில் பெரும்பகுதி மோனோ. ஒரே மைக் வழியாக வந்த பாட்டை 12 ஸ்பீக்கரில் பிரித்துச் சுற்றவிட்டால் பாடகரின் குரல் தலையைச் சுற்றி மிதக்கும், முகம் இருக்காது. மோனோவுக்கு வேண்டியது முன்னால் இரண்டே ஸ்பீக்கர், அவை சரியாக ஒத்துப் பேசுவது. அப்போது குரல் டேஷ்போர்டின் நடுவிலிருந்து, எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல் வரும். சரவுண்ட், அட்மாஸ் போன்ற பொத்தான்களைப் பழைய பதிவுகளுக்கு அணைத்தே வையுங்கள்.

சப்வூஃபர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டைக் கணக்கில் பார்ப்போம். ஒரு கட்டையில் பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 98. ஐந்தரைக் கட்டைப் பாடகியின் ஷட்ஜம் 208. ஒரு கட்டைத் தம்புராவின் மந்திரத் தந்தி 65. மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் தொப்பியும்தான் கீழே இறங்கும். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர், கதவு அதிராமல் இருந்தால், 60 ஹெர்ட்ஸ்வரை கௌரவமாகப் பேசும். கார் சிறிய மூடிய அறை என்பதால் கீழ் ஒலியை அதுவே கொஞ்சம் தூக்கியும் கொடுக்கும். ஆகவே கச்சேரி மட்டும் கேட்பவர் 12 அங்குல சப்வூஃபரில் பணத்தைக் கொட்ட வேண்டாம். இளையராஜாவின் பேஸ் கிட்டார் வரிகளுக்காக உயிரை விடுகிறவர் சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு அங்குலத்தைப் போட்டுக்கொள்ளலாம். இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சமர்ப்பித்த அந்தத் தொகுப்பில் வயலின் கூட்டமும் பேஸும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

நாயனம்தான் கடினமான பரீட்சை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சுருதி தாழ்ந்த நீளமான பாரி நாயனத்தை நிலைநாட்டிய பிறகும், அது திறந்தவெளியில் ஊர் முழுக்கக் கேட்கப் பிறந்த வாத்தியம்தான். அதன் பலம் மேல் ஸ்வரங்களின் நாதத்தில் இருக்கிறது. மலிவான ட்வீட்டர் அங்கே கூச்சலிடும். நரசிங்கம்பேட்டையில் செய்த நாயனத்தைக் கோயில் வாசலில் நேரில் கேட்டிருக்கிறவர் காதில் அது குத்தாது, நிறையும். காரில் குத்துகிறது என்றால் குற்றம் ட்வீட்டரிலோ அது பார்க்கும் திசையிலோ இருக்கிறது. முன்கண்ணாடியை நோக்கி வைத்த ட்வீட்டரைச் சற்றுத் திருப்பினாலே பாதி சரியாகிவிடும். மீதிக்கு ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் இறக்குங்கள்.

இஞ்சினின் சுருதி

இதை வேறெந்தக் கார் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. டெல்டா ரசிகருக்குச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 1,960 சுற்றில் ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 65 வெடிப்பு. அது ஒரு கட்டைத் தம்புராவின் மந்திர ஷட்ஜம். 2,080-க்குப் போனால் அரைச்சுரம் ஏறிவிடும். இஞ்சினும் தம்புராவும் ஒன்றையொன்று உரசும். பாட்டில் ஏதோ இடறுகிறது என்று நமக்குத் தோன்றும், காரணம் புரியாது. மூன்று சிலிண்டர் வண்டிக்கு அதே ஷட்ஜம் 2,600 சுற்றை ஒட்டி வரும். ஐந்தரைக் கட்டைக்கு, மந்திரத்துக்கும் ஒரு ஸ்தாயி கீழே, நான்கு சிலிண்டரில் 1,560, மூன்று சிலிண்டரில் 2,080.

நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது சுற்றுமுள்ளைப் பார்த்து வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். சேரும் இடம் வந்ததும் உள்ளம் அடங்கும். சாலை அனுமதிக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். சுருதிக்காக வேக வரம்பை மீறக் கூடாது. வண்டி வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போடுவதும் நல்லது. நீங்கள் வழக்கமாகப் போகும் 70 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் முள் எங்கே நிற்கிறது என்று டெஸ்ட் டிரைவில் குறித்துக்கொள்ளுங்கள். வெடிப்புக் கணக்கு அதிகம் என்பதைவிட, அந்த முனகல் உள்ளே எவ்வளவு வருகிறது என்பது முக்கியம். டீசல் வண்டியானால் இன்னும் கவனம்.

மின்சாரக் காரில் இந்தக் கவலை இல்லை. நிழலில் நிறுத்தி, ஏசியைப் போட்டு, இஞ்சின் இல்லாத நிசப்தத்தில் கேட்க அதற்கு இணை கிடையாது. ஆனால் 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் டயர் இரைச்சல் எல்லா வண்டிக்கும் பொது. இன்னொரு குறை உண்டு, அது நமக்குப் பெரிது. மோட்டாரை இயக்கும் மின்சுற்றுகள் மத்திய அலை ரேடியோவில் இரையும். அதனால் பல மின்சாரக் கார்களில் மத்திய அலையே இருப்பதில்லை. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. காலை மங்கள இசையை வண்டியில் கேட்டுப் பழகியவர் வாங்கும் முன் ரேடியோவில் அந்த அலைவரிசை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட வேண்டும். நாகப்பட்டினம் பக்கத்தவருக்குக் காரைக்கால் எஃப்எம் 100.3 எந்த வண்டியிலும் கிடைக்கும்.

ஐந்து பாலத்துச் சோதனை

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் சொல்லும் வழியில் போகாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போங்கள். 13 கிலோமீட்டர். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்து பாலம். பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும்போது எந்தப் பிளாஸ்டிக் கடகடக்கிறது என்று ஐந்து தரம் கேட்டுவிடலாம். ஊர்களுக்குள் வேகத்தடை, நடுவில் கொஞ்சம் நல்ல தார், கொஞ்சம் ஒட்டுப்போட்ட சாலை. ஒலியைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான வழி நமக்கு அருகில் இல்லை.

போகும்போது பாட்டு வேண்டாம். ஜன்னலை ஏற்றி, ஏசியை இரண்டாம் வேகத்தில் வைத்து, வண்டியை மட்டும் கேளுங்கள். திரும்பும்போது தம்புரா மட்டும் உள்ள பதிவைப் போடுங்கள். எந்த வேகத்தில் தம்புரா மறைகிறது என்று குறியுங்கள். 40-இலேயே மறைந்தால் அந்த வண்டி கச்சேரிக்கு ஆகாது. எத்தனை ஸ்பீக்கர் இருந்தாலும் ஆகாது. 60-வரை ஜீவா நூலின் ரீங்காரம் மிஞ்சி நின்றால் நல்ல வண்டி. பிறகு தவில். சத்தத்தைக் கூட்டிக் கதவில் கையை வையுங்கள். கை அதிர்ந்தால் ஸ்பீக்கரோடு கதவும் வாசிக்கிறது என்று பொருள்.

ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆலாபனையின் தொடக்கம் மெல்லியது, தனி உரத்தது. தொடுதிரையைத் தேடி விரல் அலையும்போது கண் சாலையை விட்டுவிடும். குமிழோ ஸ்டியரிங் பொத்தானோ இல்லாத வண்டியை நான் பரிந்துரைப்பதில்லை.

கடையில் செய்ய வேண்டியவை

செட் போடும் கடையில் அட்டைப்பெட்டி மேல் ‘50 வாட்ஸ் நாலு’ என்று போட்டிருக்கும். வண்டி ஓடும்போது மின்அழுத்தம் 14 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டும். அதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சாதாரண செட் கொடுக்கக்கூடியது சேனலுக்கு 18 முதல் 22 வாட்ஸ்தான். ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த 20 வாட்ஸே போதும், ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 90 டெசிபலை ஒட்டி இருந்தால். 3 டெசிபல் கூடுதலான ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

முதல் வேலை கதவு. டோர் பேடைக் கழற்றி, வெளித்தகட்டின் உள்பக்கம் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை உருளையால் நன்றாக அழுத்தி ஒட்ட வேண்டும். உள்தகட்டின் பெரிய ஓட்டைகளையும் மூட வேண்டும். அப்போதுதான் கதவு ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஆகும். தார் வாடை வரும் மலிவான ஷீட் சித்திரை வெயிலில் உருகி வழியும், வேண்டாம். கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. எனக்கு வேலை செய்த கடையில் அதை அடைத்துவிட்டார்கள். முதல் மழைக்காலத்திலேயே கதவுக்குள் தண்ணீர் நின்று, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறிக் கிழிந்தது. அதிலிருந்து பாலிப்ரொப்பிலீன் கூம்புதான் போடுகிறேன், மேலே ஒரு ரப்பர் கூரையும் வைத்து. மழைக்காலத்துக்காகக் கூரைத் தகட்டின் உள்புறமும் ஷீட் ஒட்டுவது நல்லது. அந்தச் செலவுக்கு நான் வருந்தியதே இல்லை.

கம்பெனி வயரை வெட்டவிடாதீர்கள். வண்டிக்கு ஏற்ற கப்ளர் கிடைக்கும். அதைப் போட்டால் வாரன்டிக்கு வம்பில்லை. தனி ஆம்ப்ளிஃபையர் வைத்தால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். இது தீ விஷயம். வயர் சுத்தச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

நேரத்தைச் சரிக்கட்டும் வசதி உள்ள செட்டாக வாங்குங்கள். ஓட்டுநர் காதுக்கு வலக்கதவு ஸ்பீக்கர் பக்கம், இடக்கதவு தூரம். வித்தியாசம் 70 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒலி ஒரு மில்லிவிநாடியில் 34 சென்டிமீட்டர் போகும். எனவே வலது ஸ்பீக்கரை 2 மில்லிவிநாடி தாமதப்படுத்தினால் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். தையல்காரர் டேப்பால் அளந்தால் போதும். மோனோ பதிவு ஒன்றைப் போட்டுக் குரல் நடுவுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். பாட்டைப் புளூடூத்தில் கேட்பதைவிடப் பென்டிரைவில் ஃப்ளாக் வடிவில் வைத்துக் கேட்பது மேல். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

நெல் ஊரில் கார் வைத்திருப்பவருக்கு

அறுவடை முடிந்ததும் வயல் எலிகளுக்கு வீடு போய்விடும். அவை தேடி வருவது பானெட்டுக்குள். வைக்கோல் போர் பக்கத்திலும் களத்து மேட்டிலும் இரவு நிறுத்திய வண்டியில் காலையில் வயர் இருக்காது. புதிதாக ஆம்ப்ளிஃபையருக்கு இழுத்த வயரை நெளிகுழாய்க்குள் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். இரவில் பானெட்டைத் திறந்து வைப்பதும், புகையிலையைத் துணியில் கட்டி வைப்பதும் நம்மவர்கள் செய்வதுதான். வண்டியைத் தினமும் எடுத்து ஓட்டுவதுபோல் வராது.

தை மாசி மாதங்களில் சாலையில் பரப்பியிருக்கும் வைக்கோல் மேல் ஓட்டாதீர்கள். அடியில் சுற்றிக்கொண்ட வைக்கோல் சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். வழியே இல்லை என்றால் கடந்தவுடன் நிறுத்திக் குனிந்து பாருங்கள். அறுவடைத் தூசு ஏசி ஃபில்டரை அடைத்தால் விசிறி இரைச்சல் ஏறும், தம்புரா மறையும். அறுவடை முடிந்ததும் ஃபில்டரை மாற்றுங்கள். இரவில் விளக்கில்லாமல் வரும் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் காதுக்கு எட்டும் அளவில்தான் பாட்டு இருக்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உப்புக் காற்று இணைப்புகளைப் பச்சையாக்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவோருக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கியது கைமாறி வரும்போது சீட்டையும் மேட்டையும் மாற்றியிருப்பார்கள். ஸ்பீக்கரை மாற்ற நினைவிருக்காது. முன்கதவு டோர் பேடைக் கழற்றச் சொல்லுங்கள். காந்தத்தில் துரு, கூம்பில் அலை அலையான தழும்பு, கூடையில் வண்டல் கோடு இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.

நல்ல வண்டி அமைந்துவிட்டால் ஆண்டில் ஒரு நாள் அதற்கு ஓய்வு கொடுங்கள். தியாகராஜர் ஆராதனை நாளான பகுள பஞ்சமி அன்று காலை வண்டியைக் கண்டியூரில் நிறுத்திவிட்டு, குடமுருட்டியையும் காவிரியையும் நடந்தே தாண்டித் திருவையாற்றுக்குப் போய்விடுங்கள். பஞ்சரத்ன கோஷ்டி கானம் ஒன்பது மணிக்கெல்லாம் நாட்டையில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் போனால்தான் உட்கார இடம் கிடைக்கும்.